ஞானப்பல் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு நாயனக்காரன் சொல்வது

எனக்குப் பிழைப்பு கீழ் உதட்டில் இருக்கிறது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கோயிலில் நாகஸ்வரம் வாசிக்கிறேன். முகூர்த்த மாதங்களில் கல்யாணங்களுக்கும் போவேன். வாத்தியத்தின் நுனியில் செருகும் நாணலான சீவாளியை உதட்டில் வைத்து எவ்வளவு அழுத்துகிறோம், எவ்வளவு விடுகிறோம் என்பதில்தான் சுருதி நிற்கும். அதை யாரும் கணக்குப் போட்டுச் செய்வதில்லை, உதட்டுக்கே தெரியும். 2018 கார்த்திகையில் இடது பக்கக் கீழ் ஞானப்பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். அதற்கப்புறம் ஏழு மாதம் என் உதட்டுக்கு எதுவும் தெரியவில்லை.

மரத்துப்போனது கீழ் உதட்டில் இடது பாதியும், மோவாயில் இடது பாதியும். உதடு அசையும், பேச்சு வரும், கண்ணாடியில் பார்த்தால் கோணல் கிடையாது. அதனால் வீட்டிலேயே முதலில் யாரும் நம்பவில்லை. காபி குடித்தால் சட்டையில் வழியும், மனைவி சொன்னால்தான் துடைப்பேன். சாப்பிடும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு, இலையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சீவாளியை வைத்தால் அது உதட்டில் இருக்கிறதா நழுவிவிட்டதா என்றே தெரியாது. தை மாதத்துக்கு வாங்கியிருந்த அட்வான்ஸ்களைத் திருப்பிக் கொடுத்தேன்.

நான்கு வருஷம் கழித்து, 2022 ஆடியில், வலது பக்கக் கீழ் ஞானப்பல்லையும் எடுக்க வேண்டிய நிலைமை வந்தது. அந்த முறை எல்லாவற்றையும் வேறு மாதிரி செய்தேன். இரண்டுக்கும் நடுவில் டாக்டர்களிடம் கேட்டும், என் படங்களை வைத்துக்கொண்டு பார்த்தும் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. நாற்காலியில் சாய்வதற்கு முன் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்த ஒரு நோயாளி, அவ்வளவுதான்.

எலும்புக்குள் ஒரு வாய்க்கால்

கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. தாடையின் உட்பக்கம், பின்னால், மேலே நுழைந்து, கடைவாய்ப் பற்களின் வேருக்கு அடியில் முன்னோக்கி வந்து, சிறு கடைவாய்ப் பற்களுக்குக் கீழே ஒரு துவாரம் வழியாக வெளியே வருகிறது. அதில் ரத்தக் குழாயும் ஒரு நரம்பும் போகின்றன. அந்தப் பக்கத்துக் கீழ்ப் பற்கள், கீழ் உதடு, மோவாய் ஆகியவற்றின் உணர்ச்சி அந்த நரம்பில்தான் வருகிறது. உதட்டை அசைப்பது வேறு நரம்பு. நான் சிரித்தால் ஒழுங்காகத் தெரிந்ததும், சீவாளி தெரியாமல் போனதும் அதனால்தான்.

ஞானப்பல் பொதுவாக 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் வரும். கடைசியாக வருவதால் இடம் இருக்காது. சிலருக்கு முன்னால் இருக்கும் கடைவாய்ப் பல்லின் மேல் சாய்ந்துகொள்ளும், கீழ்த்தாடையில் இதுதான் அதிகம். சிலருக்குப் படுத்தே கிடக்கும். சிலருக்குப் பின்னோக்கிச் சாயும். பார்த்தால் சுலபம் போலத் தோன்றினாலும் கீழ்த்தாடையில் எடுக்கச் சிரமமானது இந்தப் பின்சாய்வுதான் என்றார்கள். எப்படிக் கிடந்தாலும் வேர் நுனி அந்த வாய்க்காலை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதுதான் கேள்வி. வாய்க்குள் எட்டிப் பார்த்து இதைச் சொல்ல யாராலும் முடியாது.

இன்னொரு நரம்பும் உண்டு. அது நாக்குக்குப் போவது, ஞானப்பல்லின் உட்பக்கமாக ஈறுக்கடியில் ஒட்டிக்கொண்டு போகிறது. அது அடிபட்டால் நாக்கின் பாதி மரத்துப்போகும், ருசியும் குறையலாம். எங்கள் தொழிலில் துத்துகாரத்துக்கு, அதாவது ஊதும்போது நாக்கால் தட்டி ஸ்வரத்தைப் பிரிப்பதற்கு, நாக்கு வேண்டும், அதனால் இதைப் பற்றிக் கேட்டபோது எனக்கு உதட்டைவிட அதிகம் பயமாக இருந்தது. இதில் படம் உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எக்ஸ்ரேயிலும் சரி, பல் ஸ்கேனிலும் சரி, அந்த நரம்பு தெரியாது. எடுப்பவரின் கைப்பக்குவத்தைத்தான் நம்ப வேண்டும்.

சின்ன ஃபிலிம் எங்கே ஏமாற்றும்

2018இல் எனக்கும் படம் எடுத்தார்கள். வாய்க்குள் வைத்து விரலால் பிடித்துக்கொள்ளச் சொல்வார்களே, அந்தச் சின்ன ஃபிலிம். கடைசிப் பல்வரை அதைத் தள்ளினால் குமட்டும். எனக்குக் குமட்டியது, முன்னால் இழுத்துக்கொண்டேன், படம் விழுந்தது. பின்னாளில் அந்தப் படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தால் பல்லின் தலை இருக்கிறது, வேரில் பாதி இருக்கிறது. வேர் நுனி ஃபிலிமுக்கு வெளியே. வாய்க்கால் ஓடும் இடமே படத்தில் இல்லை.

அந்த க்ளினிக்கைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. முழுப் படம் எடுத்திருந்தாலும் எனக்கு மரத்துப்போயிருக்கலாம். ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்கும். தையில் சீசனை வைத்துக்கொண்டு கார்த்திகை கடைசியில் போய் உட்கார்ந்திருக்க மாட்டேன். வேறு வழி உண்டா என்று கேட்டிருப்பேன். என் அனுபவத்தில் படத்தின் பயன் இதுதான்: பல்லை எடுப்பதா விடுவதா, யார் எடுப்பது, எப்போது எடுப்பது என்கிற முடிவை அது மாற்றும். எடுக்கப்போகும் முறையையே மாற்றவும் கூடும். முடிவைச் செய்துவிட்டு ஒப்புக்கு எடுக்கும் படத்தால் பைசா பிரயோஜனமில்லை.

சின்ன ஃபிலிமில் வேர் நுனியும் வாய்க்காலும் முழுதாக விழுந்திருந்தால் சரி. இல்லையென்றால் கேட்க வேண்டியது ஓபிஜி. இரண்டு தாடையையும், எல்லாப் பற்களையும் ஒரே நீளப் படமாக எடுப்பார்கள். நின்றுகொண்டு மோவாயை ஒரு தாங்கியில் வைத்து, ஒரு சின்னக் குச்சியை முன்பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். கருவி தலையைச் சுற்றி வரும். அரை நிமிஷம்கூட ஆகாது, எச்சில்கூட விழுங்காமல் நிற்க வேண்டும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைக்கச் சொன்னால் அதைச் சரியாகச் செய்யுங்கள், இல்லையென்றால் மேல் வேர்களின் மேல் கறுப்பாக ஒரு பட்டை விழும். நகை, கண்ணாடி, கட்டுப்பல் எல்லாம் கழற்ற வேண்டும். எனக்குக் கடுக்கன். கல்யாணத்தில் போட்டது, கழற்றியே பல வருஷம் ஆகியிருந்தது. சோப்பு போட்டு, எண்ணெய் போட்டு, வரிசையில் பின்னால் இருந்தவர்களெல்லாம் யோசனை சொல்லிக் கழன்றது. கழற்றாமல் எடுத்தால் கடுக்கனின் நிழல் எதிர்ப்பக்கத்துத் தாடைமேல் போய் விழுமாம்.

முதன்முதலில் பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்தவர் ஓட்டோ வால்காஃப் என்ற ஜெர்மானியப் பல் மருத்துவர். ரான்ட்கென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த செய்தி வந்த சில வாரங்களில், 1896 ஜனவரியில், தன் வாயிலேயே எடுத்துக்கொண்டார். 25 நிமிஷம் அசையாமல் இருந்தாராம். ஓபிஜி வரிசையில் சலித்துக்கொள்கிறவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு.

கதிர்வீச்சு பற்றி வீட்டில் பயப்படுவார்கள். ஓபிஜியில் வருவது, மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சும்மா இருந்தாலே நாம் சில நாட்களில் வாங்கிக்கொள்ளும் அளவுதான். கர்ப்பமாக இருந்தால், இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால்கூட, முன்னதாகச் சொல்லிவிட வேண்டும்.

படத்தில் வரப்பைப் பாருங்கள்

படம் கைக்கு வந்ததும் முதலில் பெயரையும் தேதியையும் பாருங்கள். சிரிக்க வேண்டாம், கவர் மாறிப் போவது நடக்கும். அடுத்து, படத்தில் உங்கள் வலது பக்கம் இடக்கைப் பக்கமாக இருக்கும், எதிரில் ஒருவர் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருப்பது போல. எந்தப் பல்லை எடுக்கப் போகிறார்கள் என்பதை அந்தப் படத்திலேயே விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் வாய்க்கால். டெல்டாக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். தாடைக்குள் இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகள் இணையாக ஓடும், அவைதான் வரப்பு. நடுவில் கறுத்த பட்டை, அதுதான் வாய்க்கால். ஞானப்பல்லின் வேர் அதற்கு மேலேயே நின்று, நடுவில் எலும்பு தெரிந்தால் கவலை குறைவு. வேர் வாய்க்காலின் குறுக்கே வந்து விழுந்தால்தான் உற்றுப் பார்க்க வேண்டும். வரப்புக் கோடு அந்த இடத்தில் அறுந்திருக்கிறதா? வாய்க்கால் அந்த இடத்தில் வளைந்து ஒதுங்குகிறதா, அல்லது குறுகுகிறதா? வேர் அந்த இடத்தில் மட்டும் கறுத்துத் தெரிகிறதா? 1990இல் ரூட், ஷெஹாப் என்ற இருவர் இந்த மாதிரி ஏழு அடையாளங்களை ஆராய்ந்து எழுதினார்கள், இன்றும் டாக்டர்கள் அவற்றைத்தான் பார்க்கிறார்கள். வேர் கறுப்பது, வரப்பு அறுவது, வாய்க்கால் திசை மாறுவது ஆகிய மூன்றும் அவற்றில் முக்கியமானவை.

இதை நீங்களே பார்த்து முடிவு செய்யச் சொல்லவில்லை. "டாக்டர், நரம்பு எங்கே போகுது, காட்டுங்க" என்று கேளுங்கள். தஞ்சாவூரில் நான் பார்த்த டாக்டர் சின்ன வயசுப் பெண், வாய் முக அறுவையில் எம்டிஎஸ் என்ற மேல்படிப்பு படித்தவர். கேட்டவுடன் கணினியைத் திருப்பி வைத்தார். "ஐயா, இங்க பாருங்க, கோடு வருது, வருது, இந்த வேர்கிட்ட வந்ததும் காணோம். அந்தப் பக்கம் திரும்ப வருது" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் இடது பக்கத்துக்கு இப்படி ஒருவர் காட்டியிருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓபிஜிக்கு ஒரு குறை உண்டு. அது தட்டையான படம். வேரும் வாய்க்காலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், உண்மையில் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா, இல்லை ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் தள்ளி இருக்கின்றனவா என்று அதில் தெரியாது. சுவரில் இரண்டு பேரின் நிழல் ஒட்டி விழுந்தால் அவர்கள் கைகோத்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியுமா? அந்தச் சந்தேகம் வந்தால்தான் அடுத்த படம்: சிபிசிடி என்ற ஸ்கேன். தாடையை முப்பரிமாணத்தில் எடுத்துத் துண்டு துண்டாகப் பார்க்கலாம். வாய்க்கால் வேருக்குக் கன்னப் பக்கமா நாக்குப் பக்கமா, நடுவில் எலும்பு இருக்கிறதா, வேர்களுக்கு இடையில் நரம்பு புகுந்து போகிறதா என்பதெல்லாம் அதில் தெரியும்.

எல்லோருக்கும் சிபிசிடி வேண்டும் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். ஓபிஜியில் வேர் வாய்க்காலைவிட்டுத் தெளிவாகத் தள்ளி இருந்தால் அது வீண் செலவு. கதிர்வீச்சும் ஓபிஜியைவிடச் சில மடங்கு அதிகம். சிபிசிடி எடுத்ததாலேயே மரத்துப்போவது குறைந்துவிடும் என்று ஆய்வுகள் காட்டவும் இல்லை. படம் நரம்பைக் காட்டும், காப்பாற்றுவது படத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளும் முறைதான். அதனால் டாக்டரிடம் நான் கேட்ட கேள்வி: "இந்த ஸ்கேன்ல என்ன தெரிஞ்சா நீங்க செய்றது மாறும்?" அவர் யோசிக்காமல் பதில் சொன்னார்: "நரம்பு வேரைத் தொட்டுக்கிட்டிருந்தா வேரை எடுக்க மாட்டேன்." ஸ்கேனுக்கு எனக்கு 2,000 ரூபாய் ஆனது. தை மாதத்தில் ஒரு முகூர்த்தத்துக்கு வாங்குவதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், பெரிதாகத் தெரியவில்லை.

வேரை விட்டுவிடுவது

ஸ்கேனில் என் வேர் நுனி வாய்க்காலின் மேல் உட்கார்ந்திருந்தது, நடுவில் எலும்பே இல்லை. டாக்டர் சொன்ன வழிக்கு கரோனெக்டமி என்று பெயர். பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, வேரை எலும்பு விளிம்புக்குக் கீழே சீவிவிட்டு, ஈறை மூடித் தைத்துவிடுவது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. வேரை உள்ளே விட்டால் அழுகாதா என்றேன். வேரில் சீழோ, பல்லின் உள்வரை சொத்தையோ இருந்தால் இதைச் செய்யவே மாட்டோம் என்றார். எனக்குத் தொல்லை கொடுத்தது பல்லின் மேல் பாதி மூடிக் கிடந்த ஈறு. அதற்குள் சோறு சிக்கிச் சிக்கி வீங்குவது. பல் நன்றாகவே இருந்தது.

இரண்டு விஷயங்களை முன்னாலேயே சொன்னார். செய்யும்போதே வேர் ஆடிவிட்டால் எடுத்துத்தான் ஆக வேண்டும். விட்ட வேர் பின்னால் மெதுவாக மேலே நகரலாம், சிலருக்கு அப்போது இன்னொரு முறை எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் அதற்குள் நரம்பைவிட்டுத் தள்ளி வந்திருக்கும். இதையெல்லாம் எழுதிய தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார். படித்துவிட்டுப் போட்டேன். 2018இலும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன், அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எடுக்கவே வேண்டாம் என்பதும் ஒரு பதில். இங்கிலாந்தில் 2000இலேயே, நோயில்லாமல் சும்மா கிடக்கும் ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்கக் கூடாது என்று அரசு வழிகாட்டுதல் போட்டார்கள். திரும்பத் திரும்ப ஈறு வீங்குவது, சொத்தை, முன்னால் இருக்கும் கடைவாய்ப் பல் அரிபடுவது, நீர்க்கட்டி ஆகியவை எடுப்பதற்குக் காரணங்கள். "இருக்குது, எடுத்துடலாம்" என்பது காரணம் ஆகாது. அதே சமயம், எடுத்தே ஆக வேண்டிய பல்லைத் தள்ளிப்போடுவதும் நல்லதில்லை. இருபதுகளின் தொடக்கத்தில் எலும்பு இளகியிருக்கும், வேரும் முழுதாக வளர்ந்திருக்காது. எனக்கு முதல் பல்லை எடுத்தபோது 38 வயது.

மேல் பல்லுக்கு வேறு கதை

மேலே நரம்பு வாய்க்கால் கவலை இல்லை. ஆனால் வேர்களுக்கு மேலே சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. வேருக்கும் அதற்கும் நடுவில் சில சமயம் காகிதம் போலத்தான் எலும்பு. பல்லோடு அது பெயர்ந்துவிட்டால் வாய்க்கும் மூக்குக்கும் வழி உண்டாகிவிடும், தண்ணீர் குடித்தால் மூக்கில் வரும். வேர்த் துண்டு உள்ளே போய்விடுவதும் உண்டு. இதற்கும் ஓபிஜியில் ஒரு பார்வை பார்த்தால் போதும், சைனஸின் தரை எங்கே, வேர் எங்கே என்று தெரியும். மேல் பல் எடுத்தவர்கள் இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். ஊதும் வாத்தியக்காரர்கள் டாக்டர் சொல்லும்வரை ஊதவே கூடாது.

போகும் முன் சொல்ல வேண்டியவை

ஆஸ்பிரின், க்ளோபிடோகிரல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் சொல்ல வேண்டும், ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. பல்லுக்காக மாத்திரையை நிறுத்தி மாரடைப்போடு போனால் என்ன லாபம்? வார்ஃபரின் என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனை கேட்பார்கள். எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் மாத்திரையோ சோலெட்ரோனிக் ஊசியோ எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும், தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம், மருந்து ஒவ்வாமை எல்லாம் டாக்டர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று நம் ஊர்களுக்கே உரியது. பல க்ளினிக்குகளில் ஞானப்பல் எடுக்க வெளியிலிருந்து அறுவை டாக்டர் அந்த நேரத்துக்கு மட்டும் வருவார். அதில் தவறில்லை, நல்லதுதான். ஆனால் உங்கள் படத்தை அவர் எப்போது பார்க்கிறார்? ஊசி போட்டு வாய் மரத்த பிறகா? முன்னதாகவே வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள், அவரிடம் இரண்டு நிமிஷம் பேசக் கேளுங்கள். பணம் இடிக்கிறது என்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம், சென்னையில் இருக்கிறது, புதுக்கோட்டையிலும் இருக்கிறது. காத்திருக்க வேண்டும், ஆனால் அறுவைத் துறை, எக்ஸ்ரே துறை எல்லாம் ஒரே கட்டடத்துக்குள் கிடைக்கும்.

தேதியையும் யோசித்துக் குறியுங்கள். எனக்கு ஆடி வசதி, கல்யாணம் கிடையாது. அம்மன் கோயில் திருவிழாக்களுக்குத் தம்பி போனான்.

எடுத்த பிறகு

பஞ்சை முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் கொப்பளிக்கக் கூடாது, துப்பக் கூடாது, உறிஞ்சுகுழலில் குடிக்கக் கூடாது. குழியில் உறையும் ரத்தம்தான் அந்தக் காயத்துக்கு மூடி, அது கழன்றால் கஷ்டம் நமக்குத்தான். முதல் நாள் கன்னத்தில் ஐஸ், மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய் அப்புறம் இறங்கும். மரப்பு விலகும்வரை சூடாக எதுவும் வேண்டாம், உதடு வெந்தாலும் தெரியாது.

எங்கள் செட்டில் தவில் வாசிக்கும் அண்ணனுக்கு ஒரு பல் எடுத்தார்கள். வலி போய்விட்டது என்று இரண்டாம் நாளே சிகரெட், வெற்றிலை. மூன்றாம் நாள் ராத்திரி காதுவரை வலி ஏறி, மாத்திரைக்கும் அடங்காமல், வாயில் நாற்றத்தோடு என்னை எழுப்பினார். இதை ட்ரை சாக்கெட் என்கிறார்கள். ரத்தக்கட்டி போய் எலும்பு வெளியே தெரிவது. புகைபிடிப்பவர்களுக்கு அதிகம் வரும். குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெய் கலந்த மருந்தை வைத்ததும் அரைமணியில் மனிதர் சிரித்தார். நீங்களாகக் கிராம்பை நசுக்கி உள்ளே திணிக்காதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

வீக்கம் மூன்றாம் நாளுக்குப் பிறகும் ஏறினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்க முடியாமல் போனால் அன்றைக்கே பார்க்க வேண்டும். விழுங்க முடியவில்லை, மூச்சு முட்டுகிறது, தாடைக்கடியில் கெட்டியாக வீங்குகிறது என்றால் பல் க்ளினிக்குக்குப் போக வேண்டாம், நேரே பெரிய ஆஸ்பத்திரி, நடுராத்திரியாக இருந்தாலும். அரிதாக, ஓரிரு வாரம் கழித்து எதையாவது கடிக்கும்போது 'டக்' என்று சத்தம் வந்து கடி மாறிவிட்டால், தாடையில் விரிசலாக இருக்கலாம். நாற்பதைத் தாண்டியவர்கள் நாலு வாரம் முறுக்கு, சீடை பக்கம் போகாமலிருப்பது நல்லது.

மரப்பு பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் போய்விடும். மறுநாள் காலையிலும் உதடு மரத்திருந்தால் காத்திருக்காமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். நான் மூன்று வாரம் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்தேன், அது தவறு. வேர்த் துண்டோ எலும்போ நரம்பை அழுத்துகிறதா என்று சீக்கிரமே மறுபடி படம் எடுத்துப் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் சீக்கிரம் எடுப்பதில்தான் பலன். இல்லையென்றால் பெரும்பாலோருக்குச் சில வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் தானாகத் திரும்பும். கீழ் ஞானப்பல் எடுத்துக்கொள்கிற நூறு பேரில் மரப்பு நிரந்தரமாக நின்றுவிடுவது ஒருவருக்கும் குறைவு.

திரும்புகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு டாக்டர் சொல்லிக்கொடுத்த முறை: கண்ணை மூடிக்கொண்டு, பஞ்சுத் திரியால் நல்ல பக்கத்திலிருந்து மரத்த பக்கத்துக்குத் தொட்டுக்கொண்டே வர வேண்டும். எங்கே தெரியாமல் போகிறதோ அங்கே பேனாவால் புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு தீவு கிடைக்கும். வாரம் ஒரு முறை அதே வெளிச்சத்தில் போட்டோ. மோவாயில் பேனாக் கோடுகளோடு என்னைப் பார்த்து என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் தீவு சுருங்குவது போட்டோவில்தான் தெரிந்தது. நாலாவது மாதம் எறும்பு ஊர்வது போல ஆரம்பித்தது, அது நல்ல அறிகுறி. ஏழாவது மாதம் ஒரு ரூபாய் அளவு மட்டும் மிஞ்சியது, அது இன்றும் மந்தமாகத்தான் இருக்கிறது. மூன்று மாதம் ஆகியும் துளிகூட மாற்றம் இல்லை என்றாலோ, மரப்புக்குப் பதில் எரிச்சலும் சுரீர் வலியும் வந்தாலோ, நரம்புக் காயம் பார்க்கும் வாய் அறுவை நிபுணரிடம் போக வேண்டும். வைட்டமின் மாத்திரையை மட்டும் மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டு உட்கார வேண்டாம்.

வலது பக்கம் செய்த அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு உதடு திரும்பிவிட்டது. விரலால் தட்டித் தட்டிப் பார்த்தேன், மனைவி "போதுங்க, ரத்தம் வந்துடப் போகுது" என்று கையைப் பிடித்தாள். வாத்தியத்தைத் தொட இரண்டு வாரம் விடவில்லை டாக்டர். ஊதும் அழுத்தத்தில் தையல் பிரியலாம், காற்று சதைக்குள் புகுந்து கன்னம் உப்பலாம் என்றார். மூன்றாவது வாரம் வெறும் சீவாளியை மட்டும் வைத்து ஐந்து நிமிஷம், அப்புறம் பத்து நிமிஷம். நாலாவது வாரம் சீவாளியை வாத்தியத்தின் கெண்டையில் பொருத்தி மோகன ராகத்தை மெல்லமாக. ஆவணி இரண்டாவது முகூர்த்தத்துக்குப் போய்விட்டேன்.

ஒரு வருஷம் கழித்து மறுபடி ஓபிஜி எடுத்தோம். விட்டுவைத்த வேர் வாய்க்காலைவிட்டுக் கொஞ்சம் மேலே வந்திருந்தது, மேலே எலும்பு மூடியிருந்தது. 2018இன் அரைகுறை ஃபிலிமிலிருந்து இதுவரை எடுத்த எல்லாமே ஒரே கவரில் இருக்கின்றன, சீவாளிப் பெட்டிக்குப் பக்கத்தில். கவரின் மேல் மகள் பேனாவால் மோவாய் ஒன்று வரைந்து புள்ளி வைத்திருக்கிறாள்.